வீடு எரிந்த வாரத்தில் பங்கஜாட்சி

பங்கஜாட்சியின் வீடு செவ்வாய்க்கிழமை நண்பகலில் எரிந்தது. அந்த வாரம் முடிவதற்குள் அவள் தீயைக் கண்டு பயப்படுவதை விட்டுவிட்டு, தன் மகளைக் கண்டு பயப்பட ஆரம்பித்திருந்தாள்.

பெருங்கடவிளைக்குக் கிழக்கே, ரப்பர் மரங்களுக்கு நடுவில், மேட்டில் இருந்த ஓட்டு வீடு. பங்கஜாட்சி பிறந்தது காஞ்சிரங்குளத்தில். கல்யாணமாகி இந்தப் பக்கம் வரும்வரை ரப்பர் மரத்தைத் தொட்டுப் பார்த்ததில்லை. கணவன் சுந்தரன் கொத்தனார். ஒரு மழைக்காலம் முழுக்க அவனுக்கு வேலை இல்லாமல் போனபோது, பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டும் பெண்களின் பின்னால் நடந்து அவள் தொழிலைப் படித்தாள். பட்டையில் கத்தி ஆழமாக இறங்கினால் மரம் கெடும். மேலாகப் போனால் பால் இறங்காது. அந்த அளவு அவள் கைக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. இப்போது இரண்டு தோட்டத்துக்கு அவள்தான் வெட்டு. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் இறங்குவாள். வெயில் ஏறும்போது சிரட்டைகளில் நிறைந்த பாலை வாளியில் எடுத்து வருவாள். அந்தத் தோட்டங்களை ஒட்டிய ஒரு துண்டுப் பூமியைக் குத்தகைக்கு எடுத்து, சொந்தமாகவும் கொஞ்சம் ஷீட் அடிப்பாள்.

ஷீட் என்பது உறைந்த பாலை உருளையில் கொடுத்துத் தட்டையாக்கியது. அதைப் புகையில் காயவைக்க வேண்டும். வசதியுள்ளவர்கள் அதற்கென்று தனியாகப் புகைப்புரை கட்டியிருப்பார்கள். மற்றவர்களுக்கு அடுக்களைதான். அடுப்புக்கு மேலே கம்பு கட்டி, துணி காயப்போடுவதுபோல் ஷீட்டைத் தொங்கவிட்டு, கீழே கதம்பலைப் போட்டு மூட்டிவிட்டால் போதும். தேங்காய் உரித்த அந்த மட்டை தீயாக எரியாமல் மணிக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். சோறும் வேகும், ஷீட்டும் காயும். அந்தப் பகுதியில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம். ஆபத்து என்று தெரியாதவர்களும் யாருமில்லை.

ஆபத்தை விட்டால் இதில் இருந்த ஒரே தொந்தரவு நாற்றம். துணியில் ஏறினால் போகாது. மகள் ஜோஸ்னா பிளஸ் ஒன் படிக்கிறாள். பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து சீட் காலியாகவே வருகிறது என்று செவ்வாய்க்கிழமை காலையில் அம்மாவிடம் சண்டை போட்டாள்.

"கிளாஸ்ல என்ன பேரு தெரியுமா எனக்கு? ஒட்டுப்பால்." வெட்டுத் தடத்திலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டியிருக்கும் கழிவு ரப்பருக்குத்தான் அந்தப் பேர்.

"படிச்சு ஜோலிக்குப் போ மக்கா. அப்பம் ஒருத்தனும் சொல்லமாட்டான்."

"இந்த அடுக்களை ஒருநாள் எரிஞ்சு போணும். அப்பத்தான் எனக்கு நிம்மதி."

"எரிஞ்சா ஒனக்க சோறு எங்க வேவும்?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, மழை ஈரத்தில் ஷீட் காயாததால் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கதம்பலை அடுப்பில் திணித்து, "ஒரு கண்ணு வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, பங்கஜாட்சி பால் எடுக்கப் போனாள். பள்ளிக்கூடம் அன்று விடுமுறை. புகை தாங்காமல் ஜோஸ்னா புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே பலாமரத்தடிக்குப் போய்விட்டாள்.

ஓடு வெடிக்கும் சத்தம் தோட்டத்துக்குக் கேட்டது. பங்கஜாட்சி வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தபோது, பக்கத்தில் வேலையில் இருந்த சுந்தரன் அவளுக்கு முன்பே வந்து, கேஸ் சிலிண்டரை முற்றத்துக்கு உருட்டிவிட்டிருந்தான். மேலேயிருந்து உருகிச் சொட்டிய ரப்பர் அவனுடைய இரண்டு கையிலும் விழுந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் கையை உதறிக்கொண்டே இருந்தான், அது போகவில்லை. ஃபயர்ஃபோர்ஸ் வண்டி கீழே ரோட்டிலேயே நின்றுவிட்டது, ஹோஸ் மட்டும் மேடேறி வந்தது. தீ அணைந்தபோது நான்கு சுவரும் குளியலறையும் மிச்சம். கம்பிலிருந்து ஷீட் அடுப்பில் விழுந்திருக்கலாம் என்று அவர்கள் சொன்னார்கள். யாரும் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லப்பட்டவள் முடி நுனி கருகிப்போய்ப் பலாமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள்.

ஊர் சும்மா இருக்கவில்லை. வார்டு மெம்பர் வந்தார், வில்லேஜ் ஆபீஸிலிருந்து வந்தார்கள், சர்ச்சிலிருந்து அரிசியும் போர்வையும் வந்தன. முன்பின் தெரியாத பெண்கள் நைட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஜோஸ்னாவுக்கு யாருடையதோ யூனிஃபார்ம் கிடைத்தது. தங்க இடம் கொடுத்தது கீழ்வீட்டு விஜயம்மாவும் அவள் கணவர் தாணுமாலயனும். தாணுமாலயன் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கூட்டத்தைப் பார்த்தால் இன்னமும் உள்ளே தள்ளி நிற்கச் சொல்லுவார். வீட்டை ஒட்டிச் சரித்து இறக்கியிருந்த சாய்ப்பு அறையை ஒழித்துக் கட்டில் போட்டுக் கொடுத்தார்.

புதன்கிழமை பங்கஜாட்சி எரிந்த வீட்டுக்குப் போய் அடுக்களையைக் கிளறினாள். ஷீட்டும் ஒட்டுப்பாலும் உருகி, கீழே கிடந்த கதம்பலையும் சேர்த்துப் பிடித்து, கறுப்புக் கட்டிகளாக ஆறி இறுகிக் கிடந்தன. பாதி எரிந்த ரப்பரையும் கடைக்காரன் எடுப்பான். இவ்வளவு பேர் கொடுக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் கை நீட்ட வேண்டியிருக்கிறது. இது மட்டுமாவது நம்முடையது என்று அவளுக்குத் தோன்றியது. சாக்குகளில் நிறைத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து சாய்ப்பின் வெளிச்சுவரில் சாத்தி வைத்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் சாய்ப்புச் சுவரை ஒட்டிய கொடியில் கிடந்த தாணுமாலயனின் வேட்டி கருகியது. நுனியில் தொடங்கி, கை அகலத்துக்குப் பழுப்பேறி ஓட்டை விழுந்திருந்தது. யாரோ பீடியை வீசியிருப்பார்கள் என்று முடிவாயிற்று. "இந்த நாற்றம் சகிக்க முடியல்ல, அந்தச் சாக்க அந்தாலே மாத்திப் போடு" என்று விஜயம்மா சொன்னதால், பங்கஜாட்சி சாக்குகளைத் பசுவைக் கட்டும் தொழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தொழுத்தில் வைக்கோல் புகைந்தது. பசு கயிற்றை அறுத்துக்கொண்டு வாழைக்குள் நின்றது. நல்லவேளையாக ஈர வைக்கோல். இரண்டு குடம் தண்ணீரில் அடங்கிவிட்டது. சாக்கு ஒன்றின் அடிப்பாகத்தையும் தீ தின்றிருந்தது. மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டும் என்று பங்கஜாட்சி அவற்றை அங்கிருந்து அவசரமாக இழுத்து, வீட்டின் மறுபக்கம் விறகுப்புரைக்குக் கொண்டுபோனாள்.

தாணுமாலயன் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"இது மனுஷன் வச்ச தீ இல்ல. குட்டிச்சாத்தன் சேட்டையாக்கும். பண்டு மாராயமுட்டம் பக்கம் ஒரு வீட்டில, சோத்தப் பிசைஞ்சா முடி, பெட்டியத் தொறந்தா தீ. மந்திரவாதி வந்து கெட்டி எடுத்த பொறவுதான் அடங்குச்சு."

சுந்தரன் இரண்டு கையிலும் கட்டோடு சாய்ப்பு வாசலில் இருந்தான். "அண்ணே, சாத்தனுக்கு எங்க கூடயே வாறதுக்கு என்ன காரியம்?"

"வீடு எரிஞ்சா அவனுக்கும் தங்க எடம் வேண்டாமாலே?"

சுந்தரன் சிரித்தான். தாணுமாலயன் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை வருவதற்கு ஆள் சொல்லியாயிற்று என்றார். சர்ச்சுக்குப் போகிற எங்களுக்கு மந்திரவாதியா என்று சுந்தரன் இழுத்தபோது, "தீ சர்ச்சு பாத்தா வருது?" என்று முடித்துவிட்டார்.

விஜயம்மா பேசியது வேறு. அவள் பங்கஜாட்சியைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"கோவப்படாத பங்கஜம். நான் சாத்தனையும் நம்பல்ல, பீடியையும் நம்பல்ல. இந்த மாதிரி காரியமெல்லாம் வீட்டிலே உள்ள பிள்ளைகள் செய்யுறதாக்கும். மனசு செரியில்லாத பிள்ளைகள்."

"அக்கா, எனக்க பிள்ள அப்பிடி இல்ல."

"நானும் அப்பிடி இல்லன்னுதான் சொல்லுவேன், எனக்க பிள்ளையானா. வேட்டி எரியும்போ அவ இங்க உண்டு. வைக்கோலு புகையும்போ அவ இங்க உண்டு. ஒங்க வீடு எரியும்போ?" விஜயம்மா கிணற்றுக் கயிற்றைச் சுருட்டி வைத்தாள். "எங்க அவரு மந்திரவாதிய விளிக்குதாரு. மூணாமது ஒண்ணு நடந்தா நான் போலீச விளிப்பேன். எனக்கும் ஒரு வீடுதான் உண்டு."

அடுக்களை ஒருநாள் எரிஞ்சு போணும் என்ற குரல் பங்கஜாட்சியின் காதில் அப்போதுதான் திரும்பக் கேட்டது. அதற்கப்புறம் நிற்கவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை, சுந்தரனிடம்கூட. சொன்னால் அது நடந்ததாகிவிடும். தீக்குச்சி உரச அவனுக்குக் கை இல்லை, தான் செய்யவில்லை. மீதி ஒரே ஒருத்தி. பதினாறு வயதுப் பெண்ணை ஸ்டேஷனில் உட்காரவைத்து என்ன கேட்பார்கள், அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் எங்கே கொண்டுபோவார்கள் என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து அவள் மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குளிக்கப் போனால் வாளியோடு பின்னால் போனாள். பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை, காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று டீச்சருக்குப் போன் செய்தாள். பார்க்கப் பார்க்க எல்லாமே பயமாக இருந்தது. ஜோஸ்னா சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை. சும்மா இருக்கும்போது திடுக்கென்று எழுந்து முற்றத்தைச் சுற்றி வந்தாள். அம்மா அறைக்குள் வந்தால் கையிலிருந்ததை மறைத்தாள்.

சனிக்கிழமை, சுந்தரனைக் கட்டு மாற்றக் கூட்டிக்கொண்டு போய்விட்டுத் திரும்பியபோது விஜயம்மா கேட்டாள்: "எனக்க அடுக்களையில ரெண்டு தீப்பெட்டி வச்சிருந்தேன். நீ எடுத்தியா?"

"நான் எடுக்கல்ல அக்கா."

"அப்பம் சாத்தன் எடுத்திருப்பான்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

பங்கஜாட்சி சாய்ப்புக் கதவைச் சாத்திக்கொண்டு மகளின் பையைக் கவிழ்த்தாள். புத்தகத்துக்குள் இரண்டு தீப்பெட்டியும் இருந்தன. சாய்ப்பில் அவர்கள் காப்பி போட வைத்திருந்த தீப்பெட்டியும் இருந்தது. கேஸ் லைட்டரும் இருந்தது. அவள் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.  எல்லாவற்றையும் இருந்தபடியே பைக்குள் வைத்தாள். கேட்டால் ஜோஸ்னா பொய் சொல்லலாம். உண்மையைச் சொன்னால் என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை சாரலடித்தது. விறகுப்புரையில் ஒழுகல் இருந்ததால், சாக்குகளில் பெரிய ஒன்றை மட்டும் தூக்கிவந்து சாய்ப்பில் சுந்தரனின் கட்டிலுக்கடியில் தள்ளினாள். மற்றது விறகோடு கிடந்தது. விஜயம்மாவும் தாணுமாலயனும் ஒரு கல்யாணத்துக்காக நெய்யாற்றின்கரைக்குப் போயிருந்தார்கள். "வீட்ட ஒன்ன நம்பி விட்டுட்டுப் போறேன்" என்று விஜயம்மா சொன்ன தொனி நன்றாக இல்லை. மாத்திரையின் மயக்கத்தில் சுந்தரன் தூங்கினான்.

மழை விட்டதும் பங்கஜாட்சி மகளை முற்றத்துப் படியில் தனக்கு முன்னால் உட்காரவைத்துத் தலை வாரினாள். தீயன்று நெருப்பருகே போனதில் ஜோஸ்னாவின் முடி நுனி சுருண்டு கருகியிருந்தது. அதைக் கத்தரிக்க வேண்டும் என்று சொன்னாள். உண்மையில் மகள் கண்ணெதிரே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜோஸ்னாவின் இரண்டு கையும் மடியில் இருந்தன. பங்கஜாட்சி அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே கத்தரித்தாள்.

"அம்மா, மணக்குது."

"என்னத்த?"

"ரப்பர்."

விறகுப்புரைக் கூரையின் இடுக்கிலிருந்து மஞ்சளாகப் புகை வந்துகொண்டிருந்தது. இருவரும் எழுந்தார்கள். ஆனால் உடனே ஓடவில்லை. ஒரு நொடி நின்று, ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். ஜோஸ்னாவின் கையில் ஒன்றுமில்லை. பங்கஜாட்சியின் கையில் கத்தரி.

பிறகு ஓடினார்கள். ஜோஸ்னா கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்க, பங்கஜாட்சி விறகை இழுத்துப் போட்டாள். விறகுக்கடியில் சாக்கு பாதி இல்லாமல் இருந்தது. அதிலிருந்த கட்டியை வெளியே உருட்டித் தண்ணீரைக் கொட்டினாள். தண்ணீர் அதன்மேல் எண்ணெயில் விழுந்ததுபோல் வழிந்து ஓடிவிட்டது, புகை நிற்கவில்லை. விறகுப்புரையில் கிடந்த வெட்டுக்கத்தியை எடுத்துக் குத்திக் கிழித்தாள். மேலே கருகிய ரப்பர் தோல்போல் பிளந்தது. உள்ளே கதம்பல் நார் நாராகச் சிவந்து கிடந்தது.

ஃபயர்ஃபோர்ஸ் அடித்த தண்ணீர் அதற்குள் போகவே இல்லை. ரப்பர் அதை மூடிப் பாதுகாத்திருக்கிறது. செவ்வாய்க்கிழமைத் தீ அப்படியே உள்ளே உயிரோடு இருந்திருக்கிறது. சுவரில் சாத்தினாள், வேட்டி. தொழுத்துக்குக் கொண்டுபோனாள், வைக்கோல். அங்கிருந்து காப்பாற்றி விறகுக்குள் வைத்தாள்.

"மத்த சாக்கு எங்க?" என்று ஜோஸ்னா கேட்டாள்.

பங்கஜாட்சி கத்தியைக் கீழே போட்டாள். சாய்ப்பைப் பார்த்து ஓடினாள்.

அறைக்குள் புகை இல்லை. சுந்தரன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். கட்டிலுக்கடியில் கையை விட்டாள். சாக்கு இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய பானைபோல் சுட்டது. இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். சாக்கு கட்டில் காலில் மாட்டிக்கொண்டது. சுந்தரன் விழித்து, "என்ன எட்டி, என்ன?" என்று கட்டுப்போட்ட கையை ஊன்றி அலறினான். ஜோஸ்னா கட்டிலையே தூக்கினாள். வாசல்படி தாண்டி முற்றத்துச் சேற்றில் விழுந்த பிறகுதான் அந்தச் சாக்கிலிருந்து புகை கிளம்பியது. காற்றுக்காகக் காத்திருந்ததுபோல் ஒரே மூச்சில் பற்றியது.

அது எரிந்து அடங்கும்வரை மூவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுந்தரன் கட்டிலில் போய் உட்கார்ந்து, தான் படுத்திருந்த இடத்தைக் குனிந்து பார்த்தான். 

ஜோஸ்னா கிணற்றடியில் கை கழுவினாள். பங்கஜாட்சி தண்ணீர் ஊற்றினாள்.

"அப்பம் நீ இல்ல, இல்லியா?" என்றாள் ஜோஸ்னா.

"நானா?"

"நீ போற எடத்திலெல்லாம் தீ வந்துது. எரிஞ்ச அடுக்களையில ஒற்றைக்கு போய் கிளறிட்டு வந்த. வேட்டிக்க பக்கத்தில நீ நின்னத நான் கண்டேன். வைக்கோலுக்க பக்கத்திலயும் நீதான். வீடு போனதில ஒனக்கு தலைக்கு என்னவோ ஆச்சுன்னு நெனச்சேன்." அவள் விரலிடுக்கின் கரியைத் தேய்த்தாள். "அதுக்காக்கும் தீப்பெட்டி எல்லாத்தையும் எடுத்து ஒளிச்சது. விஜயம்ம மாமி அறிஞ்சா ஒன்ன ஊளம்பாறைக்குக் கொண்டுபோவினும்னு பேடிச்சேன்."

ஊளம்பாறை என்றால் அந்தப் பக்கத்தில் மனநோய் ஆஸ்பத்திரி. பங்கஜாட்சி குடத்தைக் கீழே வைத்தாள்.

"நீ எதுக்கு என்னையே பாத்தோண்டிருந்த?" என்று ஜோஸ்னா கேட்டாள். கேட்டபோதே அவளுக்குப் புரியத் தொடங்கியது. முகத்தில் அது தெரிந்தது. "அம்மா, நீ என்னையாக்குமா நெனச்சது?"

"ஓ, ஒன்னத்தான்," என்றாள் பங்கஜாட்சி. 

மகள் சந்தேகப்பட்டது அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, அது நோய் என்று. மறைத்துக் காப்பாற்றப் பார்த்தாள். அம்மா சந்தேகப்பட்டது மகள் வேண்டுமென்றே தீ வைத்தாள் என்று. இரண்டும் ஒன்றல்ல என்பது இருவருக்கும் தெரிந்தது.  ஜோஸ்னா பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் போய்விட்டாள்.

கல்யாண வீட்டிலிருந்து திரும்பிய விஜயம்மாவை முற்றத்திலேயே நிறுத்தி, கரிந்த கட்டிகளைக் காட்டி, பங்கஜாட்சி ஒன்றுவிடாமல் சொன்னாள். தீயைத் தலையில் சுமந்து உங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தது நான்தான், என் பிள்ளை இல்லை என்றாள். வெளியே போகச் சொன்னால் இப்போதே போகிறோம் என்றாள். விஜயம்மா விறகுப்புரையைப் பார்த்தாள், சாய்ப்பைப் பார்த்தாள். 

"எங்க போவிய?" என்றாள் கடைசியில். "சேலைய மாத்திட்டு வாறேன். சேத்தக் கழுவு."

தாணுமாலயனுக்குத்தான் வருத்தம். "அப்பம் நாளைக்கு வாற ஆளுகிட்ட நான் என்னலே சொல்ல?"

"சாத்தன் டிக்கெட் எடுக்காம எறங்கிப் போயிட்டான்னு சொல்லும்," என்றான் சுந்தரன்.

திங்கட்கிழமை மழை நின்று வெளிச்சம் வந்தபிறகுதான் வெட்டுக்குப் போக முடிந்தது. பங்கஜாட்சி கத்தியும் வாளியுமாகக் கிளம்பியபோது ஜோஸ்னா செருப்பை மாட்டினாள்.

"நானும் வாறேன்."

"ஸ்கூலு?"

"நாளைக்குப் போறேன். இங்க ஒற்றைக்கு இருக்கப் பேடியாக்கும்."

அது சமாதானம் அல்ல. வழியெல்லாம் அவள் நாலடி பின்னாலேயே நடந்தாள். எரிந்த வீடு இருந்த மேட்டைக் கடக்கும்போது இருவரும் நடையை வேகமாக்கினார்கள். தோட்டத்தில் ஜோஸ்னா சிரட்டைகளில் நின்ற மழைத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே வந்தாள். பங்கஜாட்சி ஒரு மரம் வெட்டினாள், திரும்பி மகள் இருக்கிறாளா என்று பார்த்தாள். அடுத்த மரம், மறுபடி திரும்பினாள். மூன்றாவது மரத்தில் கத்தி பட்டையைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவளுக்கு அப்படி ஆனதில்லை.

"என்னைய பாக்காத," என்றாள் ஜோஸ்னா, சிரட்டையைத் துடைத்தபடி. "மரத்தப் பாத்து வெட்டு."